விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுங்கள்

கேள்வி: சூழலியல் ஆய்வுக் குழு ஒன்றில் தரவுப் பகுப்பாய்வு செய்கிறேன். பூச்சிப் பொறிகளில் விழுந்தவற்றை எண்ணுவது, அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று எண்ணுவது என எங்கள் தரவு முழுவதும் எண்ணிக்கைதான். பாய்சான் பரவலுக்கு அது அடங்குவதில்லை. சிதறல் மிக அதிகம். எனவே எதிர்மறை ஈருறுப்புப் பரவலுடன், இடத்துக்கு இடம் தற்செயலாக மாறும் சமவாய்ப்பு விளைவுகளையும் சேர்த்துப் பொருத்தும் நிரல் ஒன்றை ஆர் மொழியில் எழுதினேன். இரண்டு ஆண்டுகளாகக் குழுவில் பயன்படுகிறது. இப்போது அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட விரும்புகிறேன். மூன்று தயக்கங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் தொகுப்புகள் போதாதா? ஒரே தரவை என் நிரலிலும் வேறு இரண்டு தொகுப்புகளிலும் இட்டால் மூன்று விடைகள் வருகின்றன. எது சரி என்று எப்படி அறிவது? என் நிரலை நம்பி யாராவது தவறான முடிவை வெளியிட்டுவிட்டால் பொறுப்பு யாருடையது?

பதில்: வணக்கம். நடுவில் இருக்கும் தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி கரைந்துவிடும். மூன்று நிரல்கள் மூன்று விடை தரும்போது, பிடித்த விடையைத் தரும் தொகுப்பை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எது சரி என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்பவர் எழுதிய மென்பொருளை நான் பயன்படுத்தத் தயார்.

மற்ற வாசகர்களுக்காகச் சில வரிகள். பாய்சான் பரவலில் சராசரியும், எண்கள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் பரவற்படியும் சமம். சராசரி 5 என்றால் பரவற்படியும் 5. களத்தில் எடுத்த எண்ணிக்கைகள் இந்த ஒழுங்குக்கு அபூர்வமாகவே கட்டுப்படுகின்றன. 1920-இல் கிரீன்வுட்டும் யூலும் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு நேர்ந்த விபத்துகளை எண்ணிப் பார்த்தபோது இதே சிக்கலைச் சந்தித்தார்கள். எல்லோருக்கும் ஒரே விபத்து வீதம் என்று கொள்ளாமல், ஆளுக்கு ஆள் அந்த வீதம் காமா பரவலின்படி மாறுகிறது என்று வைத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்தால் வருவதுதான் எதிர்மறை ஈருறுப்புப் பரவல். ஆக, மிகைச்சிதறல் என்று நாம் சொல்வதன் பின்னால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைப் புறக்கணித்தால், மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்று சொல்லும் திட்டப்பிழை சுருங்கிவிடும். பரவற்படி சராசரியைப் போல நான்கு மடங்கு இருக்கும் தரவுக்குப் பாய்சானைப் பொருத்தினால், திட்டப்பிழை இருக்கவேண்டியதில் பாதிதான் வரும். இல்லாத விளைவுகள் இருப்பதாகத் தோன்றும்.

இனி உங்கள் மூன்று விடைகள். அந்த மூன்று நிரல்களும் ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எதிர்மறை ஈருறுப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு மாதிரிகள் புழங்குகின்றன. ஒன்றில் பரவற்படி சராசரியின் ஏதோ ஒரு மடங்கு. மற்றதில் சராசரியின் வர்க்கத்தைத் தீட்டா என்ற பண்பளவையால் வகுத்து, அதைச் சராசரியோடு கூட்டினால் பரவற்படி. சராசரி 2 ஆக இருக்கும் இடத்தில் இரண்டும் பரவற்படியை 6 என்று சொல்லும்படி அமைத்துக்கொள்ளலாம்: முதலாவதில் மடங்கு 3, இரண்டாவதில் தீட்டா 1. இப்போது சராசரி 20 ஆக இருக்கும் பொறிக்குப் போங்கள். முதலாவது 60 என்கிறது; இரண்டாவது 420 என்கிறது. ஏழு மடங்கு வித்தியாசம். அதிகம் விழும் பொறிகளுக்கு எவ்வளவு எடை தருவது என்பதையே இது மாற்றிவிடுகிறது. அப்புறம் எல்லா இடங்களுக்கும் பொதுவான நிலை விளைவுகளின் மதிப்பீடுகள் எப்படி ஒன்றாக இருக்கும்?

இன்னும் எளிய குழப்பங்களும் உண்டு. ஒரு தொகுப்பு தீட்டாவை அச்சிடும். இன்னொன்று அதன் தலைகீழியை ஆல்ஃபா என்ற பெயரில் அச்சிடும். 0.5-உம் 2-உம் ஒரே விடையாக இருக்கலாம். மாதிரி தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கும் மடக்கை நிகழ்வாய்ப்பில் எண்ணிக்கைகளின் காரணீயப் பெருக்கம் சம்பந்தப்பட்ட மாறிலியைச் சிலர் விட்டுவிடுவார்கள். மதிப்பீடுகள் அப்படியே இருக்க, மாதிரிகளை ஒப்பிட உதவும் ஏஐசி என்ற அளவு மட்டும் வேறாக வரும். பொறி வைத்திருந்த நாள்களின் எண்ணிக்கையை மடக்கையாக்காமல் அப்படியே ஈடுகட்டும் உறுப்பாக இட்டுவிடுவதும் நடக்கிறது. பொருளாதார அளவியலில் ஹாஸ்மன், ஹால், கிரிலிச்சஸ் மூவரும் 1984-இல் தந்த மாதிரியில் குழுவுக்குக் குழு மாறுவது சிதறல் பண்பளவை. நீங்கள் நினைப்பதுபோல் சராசரியின் மடக்கையில் கூடும் உறுப்பு அங்கே கிடையாது. ஆனால் அதற்கும் சமவாய்ப்பு விளைவுடைய எதிர்மறை ஈருறுப்பு என்றுதான் பெயர். கையேட்டில் வாய்பாட்டைத் தேடிப் படிக்காமல் பெயரை மட்டும் நம்பினால் மாதக்கணக்கில் அலைய நேரும்.

இவையெல்லாம் ஒத்துப்போன பிறகும் விடைகள் வேறுபட்டால், காரணம் பெரும்பாலும் தொகையீட்டில் இருக்கிறது. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஒரே இடத்தில் எடுத்த எண்ணிக்கைகள் எல்லாம் ஒரே சமவாய்ப்பு விளைவைப் பகிர்கின்றன. அந்த விளைவை நாம் பார்த்ததில்லை. ஆகவே அது எடுக்கக்கூடிய எல்லா மதிப்புகளின் மீதும் நிகழ்வாய்ப்பைத் தொகையிட வேண்டும். விளைவு இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால் இந்தத் தொகையீட்டுக்கு மூடிய வடிவ விடை இல்லை. எனவே ஒவ்வொருவரும் ஒரு தோராயத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிரெஸ்லோவும் கிளேட்டனும் 1993-இல் விவரித்த தண்டித்த குறைநிகழ்வாய்ப்பு முறை வேகமானது. ஆனால் எண்ணிக்கைகள் சிறியதாக இருந்தால் அதன் மதிப்பீடுகள் சாய்கின்றன. லாப்லாஸ் தோராயம் தொகையிடப்படும் சார்பின் உச்சியைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு மணி வடிவ வளைவைப் பொருத்தி, அதன் பரப்பை விடையாகக் கொள்கிறது. தகவமையும் காஸ்-ஹெர்மைட் முறை அந்த உச்சியைச் சுற்றிப் பல புள்ளிகளில் சார்பை மதிப்பிட்டு எடைபோட்டுக் கூட்டுகிறது. புள்ளி ஒன்றே ஒன்று என்றால் அதுவும் லாப்லாஸும் ஒன்றுதான்.

உங்கள் நிரல் எதைச் செய்கிறது என்று கடிதத்தில் இல்லை. எதைச் செய்தாலும் அதன் பிழை எவ்வளவு என்று காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டும் ஒரு சோதனை இருக்கிறது. என் மாணவர்களிடம் முதலில் கேட்பது அதைத்தான்.

சிறிது நேரத்துக்கு இயல்நிலைப் பரவலை ஒதுக்கிவையுங்கள். எண்ணிக்கைக்குப் பாய்சான் பரவல். ஒவ்வொரு இடத்தின் சராசரிகளையும் அந்த இடத்துக்கே உரிய காரணி ஒன்று பெருக்குகிறது. அந்தக் காரணி காமா பரவலைப் பின்பற்றுகிறது. அதன் உருவப் பண்பளவையும் வீதப் பண்பளவையும் ஆல்ஃபா (மேலே தீட்டாவின் தலைகீழியாக வந்த ஆல்ஃபா வேறு). இங்கே தொகையீட்டுக்குத் துல்லியமான விடை உண்டு. ஆல்ஃபாவோடு அந்த இடத்தின் மொத்த எண்ணிக்கையைக் கூட்டி, அதை ‘அ’ என்று வைத்துக்கொண்டால், விடையில் வருவது ‘அ’-வில் காமா சார்பின் மதிப்பு. மற்றவை எல்லாம் எளிய பெருக்கல், அடுக்கு. கையால் எழுதிவிடலாம்.

இப்போது அதே தொகையீட்டை உங்கள் நிரலிடம் கொடுங்கள். காரணியின் மடக்கையைச் சமவாய்ப்பு விளைவாகக் கொண்டு லாப்லாஸ் தோராயத்தைச் செய்தால் ஓர் அழகான விடை வருகிறது: காமா சார்புக்குப் பதிலாக அதன் ஸ்டர்லிங் தோராயம் அப்படியே வந்து நிற்கும். ஸ்டர்லிங் வாய்பாட்டின் பிழை நமக்குத் தெரியும். ஏறத்தாழ ‘அ’-வின் பன்னிரண்டு மடங்கில் ஒரு பங்கு குறைவு. ‘அ’ 1 என்றால் உண்மை விடை 1, தோராயம் 0.922. ‘அ’ 2 என்றால் 4 சதவீதம் குறைவு. 10 என்றால் 0.8 சதவீதம். இந்த எண்கள் உங்கள் திரையில் வந்தால், லாப்லாஸ் பகுதியைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். தோராயம் எந்த அளவுக்குத் தவற வேண்டுமோ அந்த அளவுக்குத்தான் உங்கள் நிரலும் தவற வேண்டும். அதைவிடக் குறைவாகத் தவறினாலும் எங்கோ பிழை இருக்கிறது.

இந்தச் சிறு கணக்கு இன்னொன்றையும் சொல்லித்தருகிறது. பிழை ஓர் இடத்தின் மொத்த எண்ணிக்கையைப் பொறுத்தது. இடங்களின் எண்ணிக்கையை அதிகமாக்கினால் அது குறைவதில்லை. ஆல்ஃபா 1, ஒவ்வோர் இடத்திலும் மொத்தம் ஒரே ஒரு பூச்சி, இப்படி 500 இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு 4 சதவீதம் வீதம் மடக்கை நிகழ்வாய்ப்பில் சேரும் மொத்தக் குறைவு சுமார் 20. அது மாறிலியாக இருந்தால் கவலையில்லை. ஆல்ஃபாவுக்கு ஆல்ஃபா மாறுவதால் உச்சி இருக்கும் இடத்தையே நகர்த்துகிறது. நிறைய இடங்களில் தரவு எடுத்திருக்கிறோம், எனவே தோராயம் போதும் என்று சொல்லும் சக ஆய்வாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அரிதான உயிரினங்களை எண்ணுபவர்களுக்கு இது ஏட்டளவுச் சிக்கல் அன்று. அவர்களுடைய தரவின் இயல்பே இதுதான்.

தொடக்க காலத்தில் நான் எழுதிய நிரல் ஒன்றில், லாப்லாஸ் வாய்பாட்டில் வரும் அணிக்கோவையின் மடக்கையைப் பாதியாக்க மறந்திருந்தேன். நிரல் ஓடியது, குவிந்தது, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. நிலை விளைவுகள் ஏறக்குறைய சரியாகவே இருந்தன. சிறிய குழுக்கள் கொண்ட தரவுகளில் மட்டும் குழுக்களுக்கு இடையிலான பரவற்படி பெருத்து வந்தது. இடத்துக்கு இடம் நிறைய மாறுகிறது என்று விளக்கம் சொல்லவும் நாங்கள் தொடங்கிவிட்டோம். எத்தனையோ உண்மைத் தரவுகளை அதில் ஓட்டிப் பார்த்தும் அந்தப் பிழை வெளிப்படவில்லை. மேலே சொன்ன காமா கணக்கைக் கொடுத்த அன்று, ‘அ’ 2 என்ற வரியிலேயே அகப்பட்டது. அதிலிருந்து, விடை தெரியாத கணக்கை வைத்து எந்த நிரலையும் நான் சோதிப்பதில்லை.

இந்த உரைகல்லில் தேறிய பிறகு இயல்நிலைப் பரவலுக்குத் திரும்புங்கள். சமவாய்ப்பு விளைவு ஒன்றே ஒன்று என்றால் காஸ்-ஹெர்மைட் புள்ளிகளை 1, 5, 9, 15, 25 என்று ஏற்றிக்கொண்டே போய் மடக்கை நிகழ்வாய்ப்பு எங்கே நிலைகொள்கிறது என்று பாருங்கள். நிலைகொண்ட எண்தான் உங்கள் ஒப்பீட்டுக்கு அளவுகோல். மூன்று தொகுப்புகளில் எது அதற்கு அருகில் இருக்கிறது என்று அப்போது சொல்லிவிடலாம். ஒரு குழுவுக்கு மூன்று சமவாய்ப்பு விளைவுகள் என்றால் பரிமாணத்துக்கு 10 புள்ளிகளாக ஆயிரம் மதிப்பீடுகள் வேண்டும். இடமும் ஆண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் அமைப்பில் இந்த முறை கைகொடுக்காது. அங்கே லாப்லாஸ்தான் நடைமுறை வழி. அதன் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதை எளிய அமைப்பில் அளந்து வைத்திருப்பது அப்போது உதவும்.

அடுத்தது செயற்கைத் தரவு. காமா கணக்கு உங்கள் எண்கணிதத்தைச் சோதிக்கிறது. செயற்கைத் தரவு உங்கள் புள்ளியியலைச் சோதிக்கிறது. பண்பளவைகளை நீங்களே நிர்ணயித்து 1,000 தரவுத் தொகுதிகளை உருவாக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் பொருத்துங்கள், 95 சதவீத நம்பிக்கை இடைவெளிக்குள் உண்மை மதிப்பு எத்தனை முறை விழுகிறது என்று எண்ணுங்கள். 1,000 முறைக்கு அந்தச் சதவீதத்தின் திட்டப்பிழை ஏறத்தாழ 0.7. ஆகவே 94 வந்தால் பதற வேண்டாம். 90 வந்தால் தூங்க வேண்டாம். குழுக்கள் ஆறு, எட்டு என்று இருக்கும் நிலையையும் கட்டாயம் சேருங்கள். களத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். இடைவெளிகள் குறுகிப்போவதும் அங்கேதான்.

வெளியான தரவுகளில் ஒன்றையாவது சோதனையில் வைத்திருங்கள். கால்-கை வலிப்பு நோயாளிகள் 59 பேரை நான்கு இருவாரக் காலங்களில் கவனித்து எடுத்த எண்ணிக்கையை தாலும் வெய்லும் 1990-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பின் பலர் அதை அலசியிருக்கிறார்கள். பிரெஸ்லோவும் கிளேட்டனும் அவர்களில் உண்டு. அதில் ஒரு நோயாளிக்கு முதல் இரு வாரத்திலேயே 102 தாக்கங்கள். அந்த ஒருவரைச் சேர்த்தும் நீக்கியும் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஓர் ஆள் மாதிரியை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்று புரியும்; உங்கள் நிரல் அந்த இழுப்பைப் பயனருக்குத் தெரியப்படுத்துகிறதா என்பதும் புரியும்.

எண்கணிதத்தில் இரண்டு பொறிகளை மட்டும் சொல்கிறேன். தீட்டா பெரிதாகப் பெரிதாக எதிர்மறை ஈருறுப்பு பாய்சானாக மாறுகிறது. மிகைச்சிதறல் இல்லாத தரவு வந்தால், தேடும் நிரல் தீட்டாவை முடிவிலியை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். தீட்டா ஆயிரம் கோடியைத் தொடும்போது காமா சார்பின் மடக்கை இருபதாயிரம் கோடியைத் தாண்டிவிடும். நமக்கு வேண்டியது அத்தகைய இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசம். இரட்டைத் துல்லியத்தில் அந்த வித்தியாசம் நான்காவது, ஐந்தாவது தசம இடத்திலேயே குலைந்துபோகும். தேடும் நிரலோ அந்த இரைச்சலைச் சரிவு என்று எண்ணி ஏறி இறங்கும். எண்ணிக்கை முழு எண்ணாகத்தானே இருக்கிறது. காமா சார்பை விட்டுவிட்டு, தீட்டா, தீட்டாவோடு 1, தீட்டாவோடு 2 என்று எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக இருக்கும் வரை அவற்றின் மடக்கைகளை நேரடியாகக் கூட்டிவிடுங்கள். இரண்டாவது பொறி: லாப்லாஸின் உள்ளே நடக்கும் உச்சித் தேடலை அரைகுறையாக நிறுத்தினால் வெளியே இருக்கும் தேடலுக்கு வகைக்கெழு தடுமாறும். உள்தேடலை இறுக்கமாக முடியுங்கள். வகைக்கெழுவை வித்தியாசம் எடுத்துத் தோராயமாகக் கணக்கிடாமல், நிரலின் படிகளிலிருந்தே அதைத் துல்லியமாகப் பெறும் தானியங்கி வகையிடலால் பெறுங்கள்.

இங்கேதான் உங்கள் முதல் கேள்வி வருகிறது. தானியங்கி வகையிடலை நீங்கள் புதிதாக எழுத வேண்டியதில்லை. டேவ் ஃபோர்னியர் உருவாக்கிய ஏடி மாடல் பில்டர் மீன்வள ஆய்வாளர்களிடம் நெடுங்காலம் விலைக்கு விற்கப்பட்ட மென்பொருளாக இருந்தது. பின்னர் மூல நிரல் திறந்துவிடப்பட்டது. அதன் வழியில் காஸ்பர் கிறிஸ்டென்சனும் உடனுழைத்தவர்களும் டிஎம்பி என்ற தொகுப்பை எழுதினார்கள். 2016-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. மாதிரியை சி++ மொழியில் எழுதினால் போதும். வகைக்கெழு, லாப்லாஸ், ஐதான அணிகளின் கணக்கு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்கிறது. அதன் மேல் கட்டியதுதான் 2017-இல் கட்டுரையாக அறிமுகமான ஜிஎல்எம்எம்டிஎம்பி. நான் மேலே சொன்ன இரண்டு வகை எதிர்மறை ஈருறுப்புப் பரவல்களும், மிகைச் சுழியம் உள்ள மாதிரிகளும் அதில் உண்டு. எல்எம்இ4 என்ற ஆர் தொகுப்பு இருக்கிறது, பேய்சிய வழியில் போக விரும்புபவர்களுக்கு இன்லா, ஸ்டான் என்ற மென்பொருள்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முன்பு திறந்துவைத்த ஒன்றின் தோள்மீது நிற்கிறது.

ஆகவே நேராகச் சொல்கிறேன். உங்கள் நிரல் இவை செய்வதையே செய்கிறது என்றால், இன்னொரு தொகுப்பாக அதை வெளியிட வேண்டாம். இவை செய்யாத ஒன்றைச் செய்கிறது என்றால் அந்த ஒன்றை மட்டும் சிறிய தொகுப்பாக, டிஎம்பியின் மேல் கட்டுங்கள். பொறிகளுக்கே உரிய ஏதோ ஒன்றை நீங்கள் தீர்த்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது. அதைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுங்கள். எந்த நிலையிலும் முதலில் வெளியிட வேண்டியது உங்கள் சோதனைத் தொகுதி: காமா கணக்கு, அதன் துல்லியமான விடைகள், செயற்கைத் தரவை உருவாக்கும் நிரல், அதன் விதை எண்கள், மூன்று தொகுப்புகளின் விடைகள் எங்கே ஏன் பிரிகின்றன என்ற குறிப்பு. பொருத்தும் நிரல்கள் பல இருக்கின்றன. அவற்றை ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க உதவும் இத்தகைய தொகுதியைப் பொறுமையாக உட்கார்ந்து செய்பவர்கள் குறைவு. மற்ற தொகுப்புகளை எழுதுபவர்களும் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

பொறுப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். உத்தரவாதம் இல்லை என்று உரிமத்தில் எழுதியிருக்கும். சட்டப்படி அது பெரும்பாலும் உங்களைக் காக்கும். ஆனால் நீங்கள் கேட்டது சட்டத்தைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். நான் அஞ்சுவது நின்றுபோகும் நிரலைக் கண்டு அன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் நாசூக்காக அச்சிட்டுவிட்டு அமைதியாக முடிந்துபோகும் நிரலைக் கண்டுதான். ஓர் இடத்துக்கு ஒரே ஓர் எண்ணிக்கைதான் இருக்கிறது என்றால், இடத்தின் சமவாய்ப்பு விளைவும் எதிர்மறை ஈருறுப்பின் சிதறலும் ஒரே வேறுபாட்டுக்காகப் போட்டியிடும். இரண்டையும் பிரித்தறிவது ஏறக்குறைய முடியாத காரியம். உங்கள் நிரல் அதைக் கண்டறிந்து சொல்லட்டும். பரவற்படி சுழியத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அதைச் சொல்லட்டும். சுழியமா என்று சோதிக்கும் நிகழ்வாய்ப்பு விகிதச் சோதனையில் வழக்கமான கை-வர்க்கப் பரவல் (χ²) பொருந்தாது, ஒற்றைப் பரவற்படிக்கு அங்கே கிடைக்கும் நிகழ்தகவைப் பாதியாக்க வேண்டும் என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லட்டும். தேடல் முடிந்த புள்ளியில் இரண்டாம் வகைக்கெழு அணி சரியாக இல்லையென்றால் திட்டப்பிழையை அச்சிடவே அச்சிடாதீர்கள். எண் இருந்தால் யாராவது அதை எடுத்து அட்டவணையில் போட்டுவிடுவார்கள். எச்சரிக்கை வரியை எடுத்துப் போட மாட்டார்கள்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. மிகைச்சிதறல் எப்போதும் பரவலை மாற்றித் தீர்க்க வேண்டிய ஒன்றா? விடுபட்ட காரணி ஒன்று, மறந்துபோன பொறி நாள்கள், நேர்கோடாக வைத்துவிட்ட வளைவு, இவையும் அதே அறிகுறியைக் காட்டும். சிதறல் பண்பளவையைச் சேர்த்ததும் அறிகுறி மறைந்துவிடும், நோய் இருக்கும். எனவே பொருத்தி முடித்ததும், பொருத்திய மாதிரியிலிருந்து தரவைத் திரும்ப உருவாக்கி உண்மைத் தரவோடு ஒப்பிட்டுக் காட்டும் வசதியைத் தொடக்கத்திலிருந்தே வையுங்கள். தர்மா என்ற ஆர் தொகுப்பு இந்த வழியில் எச்சங்களை, அதாவது தரவு மாதிரியிலிருந்து விலகும் அளவுகளை, கணக்கிடுகிறது. உங்கள் மாதிரியிலிருந்து தரவை உருவாக்கும் சார்பு ஒன்றை நீங்கள் எழுதினால் அதோடு இணைத்துவிடலாம். பியர்சன் எச்சங்களின் வர்க்கக் கூட்டலைக் கட்டின்மைப் படிகளால் வகுத்து 1-உடன் ஒப்பிடும் பழைய வழக்கம், சராசரி மிகச் சிறியதாக இருக்கும் தரவில் ஏமாற்றிவிடும்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. கட்டற்றது என்பதற்கு இலவசம் என்று மட்டும் பொருளில்லை. யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். புள்ளியியல் மென்பொருளில் இது வெறும் பெருந்தன்மை ஆகாது. நான் மறந்த அந்தப் பாதியை இன்னொருவர் கண்டுபிடிக்க வேண்டுமானால் மூல நிரல் அவர் கண்முன் இருக்க வேண்டும். ஜிபிஎல் உரிமம் உள்ள நிரலிலிருந்து வரிகளை எடுத்துச் சேர்த்திருந்தால் உங்கள் நிரலையும் அதற்கு இசைந்த உரிமத்தில்தான் வெளியிட முடியும். ஜிஎல்எம்எம்டிஎம்பி ஏஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்தால் அதன் விதிகள் உங்களுக்கும் பொருந்தும். நிரலை வேலை நேரத்தில் எழுதினீர்கள் என்றால் பதிப்புரிமை உங்கள் நிறுவனத்திடம் இருக்கலாம். எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பிறகு வாங்குவது கடினம்.

வெளியிட்ட பிறகு பிழை தெரியவரும், வராமல் இருக்காது. அப்போது மாற்றப் பதிவில் சில வழுக்கள் திருத்தப்பட்டன என்று எழுதாதீர்கள். எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை, எந்த வகை மாதிரியில், மதிப்பீடு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எழுதுங்கள். அதைப் படிக்கும் ஆய்வாளர், தன் பழைய கட்டுரையைத் திரும்பப் பார்க்க வேண்டுமா என்று ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்க முடிய வேண்டும். இயல்பாக வைத்திருக்கும் அமைப்புகளைச் சொல்லாமல் மாற்றாதீர்கள். பழைய பதிப்புகளை நீக்காதீர்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை இதுதான்: தவறான முடிவை வெளியிட்டதற்கான பொறுப்பு வெளியிட்டவருடையது, அவர் அதைக் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது.

காமா கணக்கை ஓட்டியதும் ‘அ’ 1, 2, 5, 10 ஆகிய நான்குக்கும் துல்லிய விடை, உங்கள் நிரலின் விடை இரண்டையும் எனக்கு எழுதுங்கள். ‘அ’ 1-இல் 0.922 வந்தும் ‘அ’ 2-இல் விகிதம் 0.96 என்று வராவிட்டால், வேறு எங்கும் தேடுவதற்கு முன் அணிக்கோவையின் மடக்கைக்கு முன்னால் அந்தப் பாதி இருக்கிறதா என்று பாருங்கள்; ‘அ’ 1-இல் அந்த மடக்கை சுழியம் என்பதால் பிழை அங்கே தெரியாது.